திருகோணமலையில் பாறைப் பொருந்தாமையை அடையாளம் காண்பது: படிப்படியான முழு வழிகாட்டி

கல்குவாரியின் வெட்டுமுகத்தில், கடல் அரித்த கரையில், புதிதாக வெட்டிய கிணற்றின் உள்சுவரில் ஒரு கோடு தெரியும். கீழே ஒரு பாறை, மேலே வேறொன்று. அந்தக் கோடு நான்கு விதமாக வந்திருக்கலாம். படிதல் நிற்காமலே, வந்து சேரும் பொருள் மட்டும் மாறியிருக்கலாம். பாறை உடைந்து நழுவியதால் தூரத்தில் இருந்த இரண்டும் பக்கத்துக்கு வந்திருக்கலாம். பாறைக்குழம்பு இடையில் புகுந்து இறுகியிருக்கலாம். அல்லது கீழ்ப்பாறை உருவாகி முடிந்து, நிலத்துக்கு மேலே வந்து, வெயிலிலும் மழையிலும் அரிபட்டு, அதற்குப் பிறகு மேற்படிவு வந்து மூடியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் பொருந்தாமை.

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கோட்டைக் கண்டவுடனே பெயர் வைத்துவிடுகிறார்கள். பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சி தேடுவதாகவே முடிகிறது. பெயர் கடைசிப் படி. அதற்கு முன் மூன்று விடயங்களை நிறுவ வேண்டும்: கீழ்ப்பாறை முதலில் உருவாகி முடிந்தது; அது அரிபட்டது; மேற்படிவு அதற்குப் பிறகே வந்தது. கீழே தந்திருக்கும் படிகளின் வரிசை இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவுவதற்காக அமைந்தது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பொருந்தாமையின் நான்கு வகைகளையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கோணப் பொருந்தாமை: கீழ் அடுக்குகள் சாய்ந்திருக்கும், மேல் அடுக்குகள் வேறு சாய்வில் அவற்றை வெட்டிக்கொண்டு கிடக்கும். ஸ்கொட்லாந்தின் சிக்கார் பொயின்ற் கரையில் ஏறத்தாழ 435 மில்லியன் ஆண்டுப் பழமையான மணற்பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்க, ஏறத்தாழ 370 மில்லியன் ஆண்டுப் பழமையான செம்மணற்கல் அவற்றின்மேல் மென்சாய்வாகக் கிடக்கிறது.

அரிப்புப் பொருந்தாமை: மேலும் கீழும் இணையான அடுக்குகள், நடுவில் மேடு பள்ளமான அரிப்புத் தளம். அமெரிக்காவின் கிராண்ட் கன்யனில் முஆவ் சுண்ணாம்புக்கல்லில் அரிக்கப்பட்ட பழைய வாய்க்கால்களை டெம்பிள் பியூட் படிவு நிரப்பியிருப்பது இதற்கு நல்ல உதாரணம்.

மறை பொருந்தாமை: அடுக்குகள் இணையானவை, அரிப்பும் கண்ணுக்குத் தெரியாது. உயிர்ச்சுவடுகளின் வரிசையில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பதைக் கொண்டே பெரும்பாலும் பிடிபடும். இதை வெளிக்களத்தில் நின்று தீர்மானிக்க முயல வேண்டாம்.

படிகப்பாறைப் பொருந்தாமை: கீழே கருங்கல், நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய, பட்டைகள் உள்ள பாறை) போன்ற படிகப் பாறை, மேலே மணல், சரளை, சுண்ணாம்புக்கல் போன்ற படிவு. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் வெட்டுமுகத்தில் பழைய கிரனைட் பாறைமேல் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான பாறை) அடுக்குகள் அமர்ந்திருப்பது இந்த வகை. அங்கே போகிறவர்கள் வாகன யன்னலிலிருந்தே பார்க்கலாம்.

2. திருகோணமலையில் எதை எதிர்பார்க்கலாம் என்று தீர்மானியுங்கள்

இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம் ஹைலண்ட் தொகுதி எனப்படும் பழம்பாறை வலயத்தின் உருமாறிய பாறைகள்: நைஸ், சார்னோக்கைட் (கருநிறக் கடினப் பாறை), குவார்ட்சைட், சலவைக்கல். ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு அடியில் 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் இவை இன்றைய உருவை அடைந்தன. அவற்றின்மேல் இருப்பவை மிக இளையவை: மகாவலி கொட்டியாரக்குடாவில் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், கடற்கரை மணல், மணல்மேடு, ஆங்காங்கே கரைமணல் சுண்ணாம்பால் இறுகிய கடற்கரைப் பாறை.

ஆகவே இங்கே நீங்கள் காணப்போவது அநேகமாகப் படிகப்பாறைப் பொருந்தாமை. கோணப் பொருந்தாமை என்று எழுதத் தோன்றினால் ஒருமுறைக்கு இருமுறை நிறுத்தி யோசியுங்கள்; காரணம் 6ஆம் படியில் வருகிறது. மயோசீன் காலப் (ஏறத்தாழ 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய) படிவு பழைய நைசின்மேல் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே மினிகாகல்கந்த வரை போக வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் மயோசீன் காலத்ததே. அதன் கரைந்த குழிகளுக்குள் செம்மண் இறங்கியிருப்பது, அரிப்புத் தளம் எப்படி மூடப்படுகிறது என்பதைப் பழகச் சிறந்த இடம்.

3. கொண்டுபோக வேண்டியவை

சாய்வுமானி உள்ள கம்பஸ், 10 மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி, 1 கிலோவுக்குட்பட்ட பாறைச் சுத்தியல், கண்காப்புக் கண்ணாடி, 5 மீற்றர் அளவுநாடா, தோட்டக் கரண்டி, தும்புத் தூரிகை, கடின அட்டைக் குறிப்பேடு, பென்சில், சிறு துளிப்போத்தலில் 10 வீத ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம். அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல.

மூடியுள்ள ஒரு லீற்றர் தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல்கள் மூன்றும், 2 லீற்றர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் படிக்கு அவை இல்லாமல் முடியாது. பலர் விட்டுவிட்டுப் போவது இதைத்தான்.

பழைய 1:100,000 நிலவியல் வரைபடத் தாளைப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தில் பெற்று, போகும் இடத்தின் பாறை எது என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் அதை நம்பி எழுதக் கூடாது. நீங்கள் காண்பது அதனுடன் முரண்படும் இடங்களைக் கவனிக்கவே அது.

4. இடம், அனுமதி, பருவம்

குவாரிக்குள் போக உரிமையாளரின் அனுமதி வேண்டும்; வெடி வைக்கும் நாளைக் கேட்டு அதைத் தவிருங்கள். கோணேசர் மலை கோட்டைக்குள் இருக்கும் புண்ணியத் தலம். அங்கே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். புறாத்தீவு தேசிய பூங்கா. ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. உள்நிலத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், பழக்கப்பட்ட பாதையைவிட்டு ஓரடியும் விலக வேண்டாம்.

மேலைநாட்டுக் கைநூல்கள் வற்று நேரம் பார்த்துக் கரைக்குப் போகச் சொல்லும். இங்கே வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு; பார்க்க வேண்டியது அலையைத்தான். வடகீழ்ப் பருவமழை முடிந்தபின், மாசி பங்குனியில், அலை புதிதாக அரித்த கரைமுகம் சுத்தமாக இருக்கும், கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும். ஆடி ஆவணியில் கரை மணல் மீண்டும் ஏறி, தொடுகோடு (இரு பாறைகளும் சந்திக்கும் கோடு) பல இடங்களில் மறைந்துவிடும்.

5. முதலில் தள்ளி நின்று முழு முகத்தையும் வரையுங்கள்

வெட்டுமுகத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் நில்லுங்கள். பத்து நிமிடம் ஒன்றையும் தொடாமல் பாருங்கள். கிட்டப் போனால் ஒரு கல் தெரியும். கோடு எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பது தெரியாமல் போகும்.

படத்தில் முதலில் தொடுகோட்டை மட்டும் வரையுங்கள். அடுத்து அதன் கீழே தெரியும் வரிகள், கடைசியாக மேலே தெரியும் அடுக்குகள். கீழ்வரிகள் தொடுகோட்டில் போய் நிற்கின்றனவா, அதைத் தாண்டி மேலே ஏறுகின்றனவா என்பதை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பார்த்து வரையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் வரைந்தால் கை தானாகவே வரியை நீட்டிவிடும் அல்லது வெட்டிவிடும்.

ஒளிப்படம் மூன்று தூரத்தில் எடுங்கள்: முழு முகம், ஒரு மீற்றர் அகலம், ஒரு சாண் அகலம். ஒவ்வொன்றிலும் அளவுநாடா தெரிய வேண்டும்.

6. கீழ்ப்பாறையைத் தீர்மானியுங்கள்: உக்கின பாறையா, படிவா?

திருகோணமலையில் இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் சிக்கல், நைசின் பட்டைகள். வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி வரும் அந்தப் பட்டைகளைப் படிவு அடுக்கு என்று நினைத்து, "சாய்ந்த அடுக்குகள்மேல் கிடையான மணல், ஆகவே கோணப் பொருந்தாமை" என்று எழுதிவிடுகிறார்கள். பட்டைகள் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் கனியங்களைப் பிரித்து வரிசைப்படுத்தியதால் வந்தவை. கைக்கண்ணாடியில் பாருங்கள்: மணிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தால், இடையில் ஒட்டுப்பொருள் இல்லாவிட்டால், அது படிகப் பாறை. குவார்ட்சைட் ஒருகாலத்தில் மணற்கல்லாக இருந்தது உண்மை. ஆனால் அது மீண்டும் படிகமாகி மடிந்துவிட்டது. சுத்தியலால் தட்டினால் மணற்கல் மணிகளைச் சுற்றி உடையும். குவார்ட்சைட் மணிகளை ஊடறுத்து உடையும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. கடின நைசுக்கு மேலே சில மீற்றர் தடிப்பில் சிவப்பு, மஞ்சள் நிற மென்மண் இருக்கும். கடினப்பாறைக்கும் அந்த மண்ணுக்கும் இடையிலான எல்லையைப் பொருந்தாமை என்று குறிப்பது மிகச் சாதாரணமான பிழை. அந்த மண் வேறெங்கிருந்தும் வரவில்லை; அதே நைஸ் நின்ற இடத்திலேயே உக்கியது. அதற்கும் கீழ்ப்பாறைக்கும் நடுவில் படிதலும் இல்லை, காணாமல்போன காலமும் இல்லை. உண்மையான தளம் இருந்தால், அது உக்கின பாறைக்கும் அதன்மேல் வந்து சேர்ந்த படிவுக்கும் இடையில், அதாவது இன்னும் மேலே இருக்கும்.

இரண்டையும் பிரிக்க இப்படிச் செய்யுங்கள்:

முகத்தைக் கரண்டியால் ஒரு மீற்றர் அகலத்துக்கு, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சீவுங்கள். காய்ந்த மேற்பூச்சு எல்லா வேறுபாட்டையும் மறைக்கும்.

வெள்ளை வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு ஒன்றைத் தேடுங்கள். இரண்டு மூன்று விரல் தடிப்பில், நைசை ஊடறுத்துச் செங்குத்தாக ஏறும். சுற்றியுள்ள பாறை மண்ணாகிப் போனாலும் வெங்கச்சங்கல் உக்காது. உடைந்த துண்டுகளாகவேனும் அதே வரியில் நிற்கும். நரம்பு எவ்வளவு உயரத்துக்கு ஒழுங்காக ஏறுகிறதோ அவ்வளவும் நின்ற இடத்தில் உக்கின பாறை. நரம்பு திடீரென வெட்டுப்பட்டு, அதன் துண்டுகள் கிடையாகச் சிதறிக் கிடக்கும் உயரத்தைக் குறியுங்கள். தளம் இருக்கக்கூடிய இடம் அதுதான்.

"இருக்கக்கூடிய" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கறையான் மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டுவதாலும், சரிவில் மண் மெல்ல ஊர்வதாலும் இதேபோன்ற கல்வரிசை உண்டாகும். ஆகவே கல்வரிசை மட்டும் போதாது. அதற்கு மேலே உருண்ட கூழாங்கல், வரிவரியான மணல், கீழ்ப்பாறையில் இல்லாத கனியம் அல்லது சிப்பி ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும்.

மண்ணை விரலால் நசுக்குங்கள். உக்கின நைசில் பெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனியத்தின் மணி தன் வடிவத்தை வைத்துக்கொண்டே வெள்ளைக் களியாகியிருக்கும், நசுக்கினால் மாவாகும். ஆறோ கடலோ கொண்டுவந்த படிவில் அப்படிப்பட்ட மென்மணி முழுதாகத் தப்புவது அரிது.

கோட்டுக்குக் கீழே, கோட்டில், கோட்டுக்கு மேலே என மூன்று மாதிரிகளை மூன்று போத்தலில் மூன்றிலொரு பங்குக்கு இட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். மண்டி சில மணி நேரம் எடுக்கும். களி மறுநாளும் கலங்கலாக நிற்கும். கரைமணல் என்றால் தண்ணீர் உடனே தெளியும், மணிகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கும். உக்கின பாறை என்றால் பெரியதும் சிறியதும் களியும் எல்லாம் கலந்து வரும்.

7. தொடுகோட்டில் நடந்து பாருங்கள்

இனித்தான் கோட்டுக்குக் கிட்டப் போக வேண்டும். குறைந்தது 20 மீற்றர் நீளத்துக்கு, அல்லது தெரியும் மட்டும், அதோடு நடந்து, ஒவ்வொரு 2 மீற்றருக்கும் ஒரு நேரான கிடைக்கயிற்றிலிருந்து தளத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். அரிப்புத் தளம் மேடு பள்ளமாக இருக்கும். மேற்படிவு பள்ளத்தில் தடித்து, மேட்டில் மெலியும். ஒரே படிவுக்குள் பொருள் மாறிய எல்லை இப்படி ஏறி இறங்காது.

மேற்படிவின் அடியில் கல்திரள் இருந்தால், ஒரு மீற்றர் சதுரம் அடையாளமிட்டு, அதற்குள் 100 கற்களை எடுத்து வகைப்படுத்துங்கள்: என்ன கல், எவ்வளவு உருண்டது. கீழ்ப்பாறையின் துண்டு மேற்படிவுக்குள் இருப்பதே எல்லாச் சான்றுகளிலும் வலுவானது. துண்டாவதற்கு அது முதலில் இறுகியிருக்க வேண்டும், வெளியே வந்திருக்க வேண்டும், உடைபட்டிருக்க வேண்டும். மூன்றும் ஒரே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணிப் பார்த்தால் வெங்கச்சங்கல்லும் குவார்ட்சைட்டுமே மிஞ்சும். அதைக்கொண்டு கீழே குவார்ட்சைட்தான் என்று முடிவு கட்டாதீர்கள். நைசும் சலவைக்கல்லும் நம் மழையிலும் வெப்பத்திலும் உக்கிக் கரைந்துவிடும்; கடினமானது மட்டும் தப்பிக் கூழாங்கல்லாகும். கற்களுக்கு இடையிலுள்ள மணலில் சிவப்புக் கார்னெட் மணிகளைக் கைக்கண்ணாடியில் தேடுங்கள். அவை நைசிலிருந்து வந்ததற்கு நல்ல அடையாளம்.

தளத்துக்கு உடனே கீழேயுள்ள ஒரு மீற்றரில் பழைய நிலமண்ணின் சுவடு உண்டா பாருங்கள்: வேர் ஓடிய குழாய்கள், கீழே போகப்போகக் குறையும் சிவப்பு மஞ்சள் புள்ளிகள், இரும்புக் குண்டுமணிகள், சுண்ணாம்பு முடிச்சுகள். சுண்ணாம்புக்கல் என்றால் கரைந்த குழிகளும், சிப்பிவகைகள் துளைத்த ஓட்டைகளும். அந்தத் துளைகளுக்குள் மேற்படிவின் மணல் இறங்கியிருந்தால், மணல் வர முன்பே கீழ்த்தளம் கல்லாகிவிட்டது என்று உறுதி.

8. சாய்வை இரண்டு முகங்களில் அளவிடுங்கள்

ஒரே வெட்டுமுகத்தைப் பார்த்துச் சாய்வு எழுதுவது ஆபத்து. அடுக்கின் ஓட்டத்திசைக்கு (சாய்ந்த அடுக்கின்மேல் வரையக்கூடிய கிடைக்கோட்டின் திசைக்கு) ஏறக்குறைய இணையாக வெட்டிய முகத்தில், செங்குத்தான அடுக்கைத் தவிர எந்த அடுக்கும் கிடையாகவே தெரியும். கணக்கு இது: தோற்றச்சாய்வின் டான் = உண்மைச்சாய்வின் டான் × முகத்துக்கும் ஓட்டத்திசைக்கும் இடையிலான கோணத்தின் சைன். உண்மைச்சாய்வு 30 பாகையாக இருந்து, முகம் ஓட்டத்திசைக்கு 10 பாகையில் இருந்தால், 0.577 × 0.174 = 0.100. கண்ணுக்குத் தெரிவது 6 பாகைக்கும் குறைவு. தெளிவான கோணப் பொருந்தாமை ஒன்றை இப்படித்தான் இணை அடுக்கு என்று கடந்து போய்விடுகிறார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முகங்கள் இல்லாவிட்டால், சாய்வு எழுதும் இடத்தில் "தோற்றம்" என்று சேர்த்து எழுதுங்கள்.

மேலடுக்குகளும் சாய்ந்திருந்தால் முதலில் அவற்றை மனதால் கிடையாக்க வேண்டும். ஓட்டத்திசை ஒன்றாக இருந்தால் எளிய கழித்தல்: கீழ் அடுக்கு கிழக்கே 50 பாகை, மேல் அடுக்கு கிழக்கே 20 பாகை என்றால், மேல் அடுக்கு படிந்த நாளில் கீழ் அடுக்கு 30 பாகை சாய்ந்திருந்தது. திசைகள் வேறுபட்டால் கழிக்கக் கூடாது. வலைத்தாளில் (திசையையும் சாய்வையும் சேர்த்துக் குறிக்கும் வட்ட வரைதாள்) சுழற்றித்தான் எடுக்க வேண்டும்.

கடற்கரைப் படிவில் இந்தத் திருத்தத்தையும் செய்யாதீர்கள். கரைமணலும் அது இறுகிய கடற்கரைப் பாறையும் படியும்போதே கடலை நோக்கிச் சில பாகை சாய்ந்துதான் படியும். நிலம் அசைந்ததற்கு அது சான்றல்ல.

கம்பஸ் பற்றி: சேருவில பக்கத்தில் மக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது) பாறை உண்டு, ஊசி விலகும். எந்த இடத்திலும் முன்திசையும் (இங்கிருந்து அடுத்த புள்ளியை நோக்கி) பின்திசையும் (அங்கிருந்து இங்கே திரும்பி) எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் 180 பாகையிலிருந்து 2 பாகைக்கு மேல் விலகினால் அந்த இடத்துக் கம்பஸ் அளவைப் பாவிக்க வேண்டாம். சுத்தியலை ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

9. பொருந்தாமை அல்லாதவற்றை விலக்குங்கள்

நழுவுதளம்: தொடுகோட்டில் மினுமினுத்த வழுவழுப்பும், ஒரே திசையில் கீறல்களும், நொறுங்கிய பொடிக்கல்லும் இருந்தால் பாறை நழுவியிருக்கிறது. பொருந்தாமையின் கல்திரளில் கற்கள் உருண்டிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும், மேலே மணலோடு கலக்கும். நழுவுதளத்துப் பொடிக்கல் கூர்மையானது, இரு பக்கப் பாறையிலிருந்தும் வந்தது. பொருந்தாமைத் தளம் ஒன்று பின்னர் நழுவியிருக்கவும் கூடும். அப்போது இரண்டு சான்றையும் எழுதுங்கள்.

புகுந்த பாறை: கீழேயுள்ள தீப்பாறை மேற்படிவைச் சுட்டிருந்தால், தொடுகோட்டருகே மேற்படிவு கடினமாகி நிறம் மாறியிருக்கும், தீப்பாறையின் மணி ஓரத்தில் நுண்ணியதாகும். அப்படியானால் மேற்படிவே மூத்தது, பொருந்தாமை இல்லை.

குறுக்குப்படிவு: ஆற்று மணலிலும் மணல்மேட்டிலும் சாய்ந்த வரிகளைக் கிடைவரி வெட்டும். பார்வைக்குக் கோணப் பொருந்தாமையின் சிறு பிரதி. வேறுபாடு அளவில் அல்ல, நடந்ததில்: கீழேயுள்ள மணல் இறுகவில்லை, வரிகள் கீழ்நோக்கிச் செல்லச்செல்ல வளைந்து அடித்தளத்தோடு இணைகின்றன. நிலாவெளி அல்லது உப்புவெளிக் கரையில் அலை எட்டாத இடத்தில் முழங்கால் அளவுக்கு ஒரு சிறு குழி வெட்டி, ஒரு பக்கத்தைக் கரண்டியால் நேராகச் சீவிப் பாருங்கள். கறுப்புக் கனமணலும் வெள்ளை மணலும் மாறிமாறி, ஒரு தொகுதியின் வரிகளை அடுத்த தொகுதி வெட்டுவது தெளிவாகத் தெரியும். ஒரு கொந்தளிப்பில் அரிபட்டு, கடல் அடங்கியதும் மீண்டும் படிந்தது அது. முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டாம், மணல் சரியும். பார்த்தபின் மூடிவிடுங்கள்.

வெடிப்பு: கோணேசர் மலையின் இராவணன் வெட்டைப் பலரும் சுட்டிக்காட்டிக் கேட்பதுண்டு. அதன் இரு பக்கமும் ஒரே பாறை. இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது பாறையின் வெடிப்பு, பொருந்தாமை அல்ல.

நிறக்கோடு: நிலத்தடி நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இரும்புத்துரு படிந்து கடும்சிவப்பு வரி தோன்றும். அது பட்டைகளையும் நரம்புகளையும் வெட்டாமல் ஊடுருவிப் போகும். நிறத்தை மட்டும் வைத்துக் கோடு வரையாதீர்கள்.

கோணேசர் மலைப் பக்கம் குவார்ட்சைட்டும் சார்னோக்கைட் வகை நைசும் தொட்டுக்கொள்ளும் எல்லைகளுக்கும் பொருந்தாமை என்று பெயரிட வேண்டாம். அங்கே பழைய அரிப்புத் தளம் இருந்திருந்தாலும், அதைக் காட்டும் கூழாங்கல்லும் மண்ணும் உருமாற்றத்தில் அழிந்துபோயிருக்கும்.

10. கிணறுகளை இணைத்துப் பாருங்கள்

வெட்டுமுகம் இல்லாத மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் போன்ற சமநிலங்களில் கிணறுதான் வெட்டுமுகம். கிணறு வெட்டுகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மணல் எத்தனை அடியில் முடிந்தது, உக்கின கல் எத்தனை அடியில் தொடங்கியது, வெடி வைக்க வேண்டி வந்தது எத்தனையாம் அடியில். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "கல் வந்தது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துவிடும். உங்களுக்கு வேண்டிய தளம் இரண்டாவது.

ஆழங்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. நிலமட்டம் இடத்துக்கிடம் மாறும். நிலமட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் வருவதே தளத்தின் உயரம். கைத்தொலைபேசி காட்டும் உயரம் பத்து மீற்றர் வரை பிழைக்கும், இந்த வேலைக்கு உதவாது. அருகருகே உள்ள கிணறுகளுக்கு மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயே போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு கிணறுகளின் தள உயரத்தை வரைபடத்தில் இட்டால், மணலுக்கு அடியில் புதைந்த பழைய பள்ளத்தாக்கின் வடிவம் தெரியத் தொடங்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடமும் பல வேளை அந்தப் பள்ளத்தாக்கே.

11. இடைவெளியின் காலத்தைக் கணியுங்கள்

கீழ்ப்பாறையின் வயதிலிருந்து மேற்படிவின் அடிப்பகுதி வயதைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அரிப்பு நடந்தது என்று பொருளல்ல. இடையில் படிவுகள் வந்து, அவையும் அரிபட்டுப் போயிருக்கலாம்.

மேற்படிவில் சிப்பி அல்லது முருகைக்கல் இருந்தால் கதிர்க்கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை உதவும். கடல் உயிரிக்குத் தனித் திருத்தம் வேண்டும் என்று ஆய்வுகூடத்திடம் சொல்லுங்கள். சிப்பி இல்லாத மணலுக்கு ஒளித்தூண்டல் காலக்கணிப்பு; மணல் மணி கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை அது அளக்கும். அதற்கான மாதிரியில் வெளிச்சம் படவே கூடாது: 30 சென்ரிமீற்றர் நீளமான, ஒளி புகாத குழாயைச் சீவிய முகத்தில் அடித்து இறக்கி, எடுத்தவுடன் இரு முனையையும் மூடி, கறுப்பு உறையில் சுற்றுங்கள். மணலிலுள்ள சிர்க்கன் (எளிதில் அழியாத ஒரு கடினக் கனியம்) மணிகளின் வயதைப் படிவின் வயதாக எடுக்காதீர்கள். அது மணி பிறந்த தாய்ப்பாறையின் வயது. புல்மோட்டைக் கரையின் இன்றைய மணலிலும் பல கோடி ஆண்டுப் பழைய சிர்க்கன் கிடைக்கும்.

இந்த மாவட்டத்தில் நைசின்மேல் கிடக்கும் கரைமணல் என்றால் இடைவெளி 500 மில்லியன் ஆண்டுக்கும் மேல். அந்த நைஸ் உருவான ஆழத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஒரே கோட்டில் 20 கிலோமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள பாறை அரிபட்டுப் போயிருக்கிறது.

12. பெயரிட்டு வரைபடத்தில் இடுங்கள்

இப்போதுதான் பெயர். குறிப்பேட்டில் இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: கீழ்ப்பாறை, அதன் சாய்வு அல்லது பட்டைத்திசை, தளத்தின் வடிவம், ஏற்ற இறக்கம், மேற்படிவு, அதன் அடியிலுள்ள கல்திரள், விலக்கிய மாற்று விளக்கங்கள், விலக்கிய காரணம், கடைசியில் வகை.

தொடுகோட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்ட இடத்தில் முழுக்கோடு. இரண்டு கிணறுகளுக்கோ வெட்டுமுகங்களுக்கோ இடையில் ஊகித்த இடத்தில் விட்டுவிட்ட கோடு. கல்வரிசை மட்டும் கண்ட இடத்தில் விட்டுவிட்ட கோட்டோடு கேள்விக்குறி. கேள்விக்குறியை எடுக்க உருண்ட கூழாங்கல்லோ, வரிமணலோ, கீழ்ப்பாறையில் இல்லாத கனியமோ, சிப்பியோ இரண்டாவது சான்றாகக் கிடைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றின் இடமும் திகதியும் கோட்டருகிலேயே எழுதப்பட வேண்டும்.